சுழற்காற்றும் சர்க்கார் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட டகோட்டா ராஜ்யத்தில் எண்டர்லின் என்னும் சிற்றூருக்கு அருகே 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி இரவு ஒரு சுழற்காற்று வீசி மூன்று பேரைக் கொன்றது. அந்நாட்டுத் தேசிய வானிலை இலாகா முதலில் அதை மூன்றாந் தரத்ததாக மதிப்பிட்டது. அக்டோபர் மாதம் 6-ந் தேதியன்றோ, அதே காற்று ஐந்தாந் தரத்தைச் சேர்ந்தது, அதாவது அளவுகோலின் உச்சியில் நிற்பது என்று அறிவித்தது. பன்னிரண்டு வருஷ காலமாக அந்நாட்டில் எந்தச் சுழற்காற்றுக்கும் அந்தத் தரம் வழங்கப்பட்டதில்லை. கடைசியாக அதைப் பெற்றது, 2013-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஓக்லஹோமாவிலுள்ள மூர் நகரைப் பாழாக்கிய காற்று.

ஜூன் மாதத்தில் ஓய்ந்துபோன காற்று அக்டோபர் மாதத்தில் மீண்டும் வலுத்துவிடவில்லை. மாறியது சர்க்காரின் கணக்கு. காற்றால் தூக்கியெறியப்பட்ட ரயில் வாகனங்களை நிபுணர்கள் ஆராய்ந்து, அவற்றை அவ்வாறு வீச மணிக்கு 210 மைலுக்கு மேற்பட்ட வேகம் வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதன் மேல் கணக்கு திருத்தப்பட்டது. அந்த ஸ்தலத்தில் ரயில் வண்டி ஒன்று நில்லாதிருந்தால், அதே காற்று மூன்றாந் தரத்ததாகவே ஏட்டில் நின்றிருக்கக்கூடும். இயற்கையின் பலத்தைச் சர்க்கார் எவ்வாறு அளக்கிறது, அளந்ததை ஜனங்களுக்கு எவ்வாறு தெரிவிக்கிறது என்பதைப் பரிசீலிக்க இந்தச் சம்பவம் நல்ல சந்தர்ப்பமாகும்.

முதலில் பெயரைப் பற்றிய தெளிவு வேண்டும். நமது கடற்கரை ஜனங்கள் அறிந்த புயல் வேறு. அமெரிக்கர் 'டொர்னேடோ' என்று அழைக்கும் சுழற்காற்று வேறு. வங்கக் கடலில் உருவாகும் புயல் நூற்றுக்கணக்கான மைல் அகலம் பரந்தது. அது கரையை அடையுமுன் நாட்கணக்கில் அறிகுறி காட்டுகிறது. டொர்னேடோவோ பெரும்பாலும் சில நூறு கஜ அகலமே உடையது. இடி மேகத்தின் அடியிலிருந்து தொங்கி, தரையைத் தொட்டு, சில நிமிஷங்களில் தன் காரியத்தை முடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. மேகத்திலிருந்து தொங்கியும் தரையைத் தொடாத சுழல் வெறும் புனல் மேகம். அது டொர்னேடோவாகக் கணக்கில் ஏறுவதில்லை. நீரின் மேல் சுழலுவது நீர்த்தாரை. அது கரையேறி நிலத்தைத் தொட்டால்தான் அமெரிக்க ஏட்டில் டொர்னேடோ ஆகிறது. வெயிலில் காய்ந்த மைதானத்தில் மேகத்தின் தொடர்பே இல்லாமல் எழும் புழுதிச் சுழலும், இடி மழையின் முன்னணியில் ஓடும் குளிர்க் காற்றின் விளிம்பில் தோன்றும் சிறு சுழலும் அந்த இனத்தில் சேர்வதில்லை.

இவை வெறும் வார்த்தை நுட்பங்களல்ல. மேகத்திலிருந்து நேராகக் கீழிறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும் காற்றும் சுழற்காற்றைப் போலவே கூரைகளைப் பறித்துச் செல்லும். மறுநாள் காலையில் ஸ்தலத்துக்குச் செல்லும் உத்தியோகஸ்தர், மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்து கிடக்கின்றன என்று பார்க்கிறார். அவை ஒரு கோட்டை நோக்கி உள்முகமாக விழுந்திருந்தால் சுழற்காற்று என்றும், விசிறி விரித்தாற்போல வெளிமுகமாக விழுந்திருந்தால் கீழிறங்கு காற்று என்றும் எழுதுகிறார். அவர் எழுதுவதே சரித்திரமாகிறது. பின்னால் வீடு கட்டுவோரும், சட்டம் இயற்றுவோரும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அந்த ஏட்டையே ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

இத்தகைய முக்கியத்துவம் வாய்ந்த பெயரையே அந்நாட்டு உத்தியோகவர்க்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் உச்சரிக்கக் கூடாதென்று வைத்திருந்தது என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கும். வானிலை அறிவிப்பு ராணுவச் சமிக்ஞைப் படையின் பொறுப்பில் இருந்த காலத்தில், ஜான் பார்க் பின்லி என்ற ஸார்ஜண்ட் நூற்றுக்கணக்கான சுழற்காற்றுகளின் விவரங்களைத் திரட்டி, 1884-ம் வருஷத்தில் அவற்றை முன்கூட்டி அறிவிக்கும் பரீட்சையில் இறங்கினார். தமது அறிவிப்புகளில் நூற்றுக்கு 96.6 பலித்ததாக அவர் கூறினார். அதே வருஷம் கில்பர்ட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, 'சுழற்காற்று வராது' என்று தினந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தாலும் நூற்றுக்கு 98.2 பலித்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அபூர்வமாக நேரும் ஆபத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களை எவ்வளவு ஜாக்கிரதையோடு படிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

ஆனால் மேலதிகாரிகள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. முறையைத் திருத்துவதற்குப் பதிலாக அவர்கள் வார்த்தையையே விலக்கினார்கள். 1880-களிலேயே 'டொர்னேடோ' என்ற சொல் வானிலை அறிவிப்புகளில் இடம்பெறலாகாது என்ற நிலை ஏற்பட்டது. 1891-ல் வானிலை இலாகா விவசாய இலாகாவின் கீழ் சிவில் ஸ்தாபனமாக மாறிய பின்னரும் அந்தத் தடை நீடித்தது. காற்று விளைவிக்கும் நாசத்தைவிட, பெயரைக் கேட்டு ஜனங்கள் அடையும் பீதியால் விளையும் தீங்கே அதிகமாகும் என்பது அவர்கள் கூறிய காரணம். 'ஜனங்கள் கலவரமடைவார்கள்' என்ற இந்த வாதம் ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. எங்கெல்லாம் உத்தியோகஸ்தர்கள் தங்களை ஜனங்களின் ஊழியர்கள் என்று கருதாமல் பாதுகாவலர்கள் என்று கருதுகிறார்களோ, அங்கெல்லாம் அது தலைதூக்கும். பலியாத அறிவிப்பால் இலாகாவின் கௌரவம் குறையுமென்ற பயமும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

இந்த மௌனத்தின் விலை என்ன? 1925-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி மிஸ்ஸூரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று ராஜ்யங்களின் குறுக்கே 219 மைல் தூரம், மூன்றரை மணி நேரம் ஒரு சுழற்காற்று ஓடியது. மாண்டவர்கள் 695 பேர். அந்நாட்டின் சரித்திரத்தில் அதைவிடக் கொடிய சுழற்காற்று இல்லை. அன்று காலை அறிவிப்பில் அந்தப் பெயர் இல்லை. அன்றைய விஞ்ஞானத்துக்கு அதை முன்கூட்டி அறியும் சக்தி இல்லை என்று சமாதானம் சொல்லலாம். அது பெரும்பாலும் உண்மையே. எனினும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவே கூடாதென்று விதித்துவிட்டு, அதைப் பற்றிய ஞானம் வளரவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. பயன்படாத அறிவைத் தேடி எந்த ஊழியனும் இரவும் பகலும் உழைக்கமாட்டான்.

1938-ல் தடை தளர்ந்தது. ஆனால் பழக்கம் மாறவில்லை. அதை உடைத்தவர்கள் வானிலை இலாகாவைச் சேராத இரு ராணுவ அதிகாரிகள். 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி ஓக்லஹோமாவிலுள்ள டிங்கர் விமானப் படைத் தளத்தைச் சுழற்காற்று தாக்கி விமானங்களை நொறுக்கியது. மேஜர் எர்னஸ்ட் பாபுஷ், காப்டன் ராபர்ட் மில்லர் என்ற இருவரும் அதன் காரணங்களை ஆராய்ந்தார்கள். ஐந்தே நாள் கழித்து, 25-ந் தேதி, அதே விதமான அறிகுறிகளைக் கண்டு, மாலையில் தளத்துக்குச் சுழற்காற்று அபாயம் இருப்பதாக அறிவித்தார்கள். விமானங்கள் பத்திரப்படுத்தப்பட்டன, ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அன்று மாலையே காற்று வந்து தாக்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ராணுவத்துக்குக் கிடைக்கும் எச்சரிக்கை பொதுஜனங்களுக்கு ஏன் கிடைக்கலாகாது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு மறுமொழி சொல்ல வழியின்றி, 1950-ம் வருஷம் ஜூலை மாதம் இலாகாவின் தலைவர் பிரான்சிஸ் ரைகல்டர்பர், சுழற்காற்றை முன்கூட்டி அறிவிப்பதற்குத் தடை ஏதும் இல்லையென்று சுற்றறிக்கை விடுத்தார். 1952-ம் வருஷம் மார்ச்சு மாதத்திலிருந்து பொதுஜன அறிவிப்புகள் வெளிவரலாயின. பெயரைக் கேட்டு எந்த நகரமும் பீதியில் மூழ்கிவிடவில்லை.

சர்க்காரின் சுழற்காற்று ஏடு இப்போது 1950-ம் வருஷத்திலிருந்தே தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அதன் ஆரம்ப வருஷங்களில் ஆண்டுக்குச் சில நூறு சுழற்காற்றுகளே பதிவாயின. பிற்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 பதிவாகின்றன. இதைக் கண்டு காற்றுகள் பன்மடங்கு பெருகிவிட்டன என்று முடிவு செய்வது தவறு. ராடார் வந்தது, பயிற்சி பெற்ற தொண்டர்கள் வயல்வெளிகளில் நின்று கவனிக்கலானார்கள், ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. முன்பு யாருமறியாமல் மறைந்த சிறு காற்றுகளெல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. பெருகியது பெரும்பாலும் எண்ணும் கண்களே. 1970-களுக்கு முந்திய காற்றுகளின் தரங்களோ, அக்காலத்துப் பத்திரிகைச் செய்திகளைப் படித்துப் பின்னால் ஊகித்து எழுதப்பட்டவை. அன்று நிருபர் எவ்வளவு உருக்கமாக எழுதினாரோ அந்த அளவுக்குக் காற்றின் தரம் உயர்ந்திருக்கக்கூடும்.

தரங்களை வகுத்தவர் ஆசியாவைச் சேர்ந்த ஒரு மேதை. ஜப்பானின் கியூஷூ தீவில் 1920-ல் பிறந்த டெட்ஸுயா புஜிதா, 1945-ல் நாகஸாகியிலும் ஹிரோஷிமாவிலும் அணுகுண்டு விளைவித்த நாசத்தை நேரில் ஆராய்ந்தவர். சாய்ந்த மரங்களிலிருந்தும் தீய்ந்த தடங்களிலிருந்தும் வெடித்த இடத்தையும் உயரத்தையும் கண்டறியும் வித்தையை அங்கே பயின்றார். பின்பு சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்து, அதே வித்தையைக் காற்றுக்குப் பிரயோகித்தார். சுழற்காற்றுக்குள் கருவி வைத்து அளப்பது ஏறக்குறைய அசாத்தியம். ஆகையால் அது விட்டுச்செல்லும் இடிபாட்டைக் கொண்டு அதன் வேகத்தை ஊகிக்கும் அளவுகோலை 1971-ல் அவர் வெளியிட்டார். 1975-ல் நியூயார்க்கில் நேர்ந்த விமான விபத்தை ஆராய்ந்து, கீழிறங்கு காற்றின் இயல்பை உலகுக்கு எடுத்துக்காட்டியவரும் அவரே.

புஜிதா குறித்த வேகங்கள் உயர்ந்த தரங்களில் மிகையானவை, அதனினும் குறைந்த வேகத்திலேயே வீடுகள் இடிந்துவிடும் என்று எஞ்சினீயர்கள் கண்டதால், 2007-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் திருத்திய அளவுகோல் அமுலுக்கு வந்தது. அதில் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு தரங்கள் உள்ளன. மணிக்கு 65 மைல் வேகத்தில் பூஜ்யத் தரம் தொடங்குகிறது. 136 மைலில் மூன்றாந் தரம். 200 மைலைத் தாண்டினால் ஐந்தாந் தரம். வீடு, பள்ளிக்கூடம், களஞ்சியம், மின்சாரக் கம்பம், மரம் என 28 வகைப் பொருள்கள் சாட்சிகளாக ஏற்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் எந்த அளவுக்குச் சிதைந்தால் எந்த வேகம் என்று பட்டியல் இருக்கிறது. சாட்சியே அகப்படாத காற்றுக்குத் தரமில்லை. 'தெரியாது' என்றே எழுதப்படுகிறது.

முறை நேர்மையானதே. ஆனால் அது அளப்பது காற்றையல்ல, காற்று இடித்ததை. இந்த வேற்றுமையை மறந்தால் விபரீதம் விளையும். 2013-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி ஓக்லஹோமாவில் எல் ரெனோ நகருக்கு அருகே 2.6 மைல் அகலமுள்ள சுழற்காற்று ஒன்று வீசியது. அவ்வளவு அகலமான காற்று அதற்கு முன் பதிவானதில்லை. வண்டியில் கொண்டுசென்ற ராடார், மணிக்கு 300 மைலை ஒட்டிய வேகத்தை அதில் கண்டது. இலாகா அதை ஐந்தாந் தரத்துக்கு உயர்த்தியது. ஆனால் அதன் கொடிய பகுதி பெரும்பாலும் வெறும் வயல்களின் மேல் சென்றிருந்தது; மூன்றாந் தரத்துக்கு மேற்பட்ட இடிபாடு எங்கும் காணப்படவில்லை. எனவே அதே வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் அது மூன்றாந் தரத்துக்கு இறக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர் மூவர் உட்பட எட்டுப் பேரைப் பலிகொண்ட அந்தக் காற்று, அதிகார பூர்வமான ஏட்டில் நடுத்தரமானதாகவே இருக்கிறது.

இலாகாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ராடார் வண்டிகள் ஆண்டுதோறும் சந்திப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய காற்றுகளையே. சிலவற்றை ராடாராலும் பலவற்றை இடிபாட்டாலும் அளந்தால், ஒரு வருஷத்து ஏட்டை மற்றொரு வருஷத்து ஏட்டோடு ஒப்பிட முடியாமற் போகும். ராடார் காண்பதும் தரைமட்டத்துக் காற்றையல்ல, சற்று உயரத்திலுள்ள காற்றை. விதி என்று ஒன்று இருந்தால் பிரபலமான சம்பவத்துக்காக அதை வளைக்கக் கூடாது என்பதும் பாராட்டத்தக்க கொள்கையே. ஆயினும் ஜோஷுவா வுர்மன் தலைமையில் ஆராய்ந்த குழுவினர் 2021-ல் வெளியிட்ட முடிவைப் புறக்கணிக்க இயலாது. ராடாரால் அளக்கப்பட்ட காற்றுகள், இடிபாட்டைக் கொண்டு வழங்கப்பட்ட தரத்தைவிடச் சராசரி ஒரு தரத்துக்கு மேல் வலிமை உடையவை என்றும், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு நான்காம் ஐந்தாம் தர நாசத்தை விளைவிக்கவல்லவை என்றும் அவர்கள் கண்டார்கள். சர்க்கார் ஏட்டிலோ அத்தரங்களைப் பெறுபவை நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இதில் ஏழைகளைப் பற்றிய கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. அஸ்திவாரத்தில் ஆணியும் திருகும் பூட்டி உறுதியாகக் கட்டிய வீடு அடியோடு போனால், அது ஐந்தாந் தரத்துக்குச் சாட்சி. தொழிற்சாலையில் செய்து வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் இலேசான வீடுகளில் குறைந்த வருமானமுள்ள இலட்சக்கணக்கான குடும்பங்கள் வசிக்கின்றன. அத்தகைய வீடு சுக்குநூறானாலும், பட்டியலின்படி அது சாதாரணமாக இரண்டாந் தரத்துக்கு மேல் சாட்சி சொல்ல முடியாது. ஏனெனில் மணிக்கு 130 மைலுக்கு உட்பட்ட காற்றே அதை அழித்துவிடும். அந்நாட்டில் சுழற்காற்றால் மடிபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இவ்வகை வீடுகளில் இருந்தவர்களே. பணக்காரனுடைய சுவர் காற்றின் பலத்தை நிரூபிக்கிறது. ஏழையின் சுவர் தன் பலவீனத்தை மட்டுமே நிரூபிக்கிறது. தரத்தை மட்டும் பார்த்து, 'இரண்டாந் தரக் காற்றுதானே' என்று அலட்சியம் செய்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அமெரிக்க வீட்டை வைத்துச் செய்த அளவுகோல் பிற நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதும் இதனால் விளங்கும். ஜப்பானில் 2012-ல் த்ஸுகுபா நகரைச் சுழற்காற்று தாக்கிய பின்னர், அந்நாட்டார் தங்கள் ஊர்களில் காணப்படும் வீடுகளையும், தெருவோர விற்பனை யந்திரங்களையும், கல்லறைக் கற்களையும்கூடச் சாட்சிகளாக ஏற்கும் தனி அளவுகோலை 2016-ல் அமைத்துக்கொண்டார்கள். மறுபுறம், உலகத்திலேயே அதிக உயிர்களைப் பலிகொண்ட சுழற்காற்று வீசியது அமெரிக்காவிலல்ல, வங்காள தேசத்தில். 1989-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி மாணிக்கஞ்சு ஜில்லாவில் தௌலத்பூர், சாட்டூரியா என்ற ஊர்களைத் தாக்கிய காற்றால் சுமார் 1,300 பேர் மாண்டார்கள். தகரமும் மூங்கிலுமான குடிசைகள் அந்தக் காற்றின் வேகத்துக்கு என்ன சாட்சி சொல்ல முடியும்?

தரம் வழங்குவது காற்று ஓய்ந்த பின் நடப்பது. உயிரைக் காப்பது அதற்கு முன் வரும் எச்சரிக்கையே. சுழற்காற்று உண்டாகும் சூழ்நிலை நிலவினால் 'முன்ஜாக்கிரதை' அறிவிப்பும், ராடாரில் சுழல் தென்பட்டாலோ மனிதர் கண்ணால் கண்டாலோ 'அபாய' அறிவிப்பும் அங்கே வெளியாகின்றன. அபாய அறிவிப்புகளில் பத்துக்கு ஏழு பலிப்பதில்லை. இதன் பலனை 2011-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி மிஸ்ஸூரியிலுள்ள ஜாப்ளின் நகரம் அனுபவித்தது. கால் மணி நேரத்துக்கு மேல் அவகாசம் தந்து எச்சரிக்கை வெளியாகியும் 158 பேர் மாண்டார்கள். அபாயச் சங்கு அடிக்கடி ஒலித்துப் பழகிய ஜனங்கள், முதல் சங்கைக் கேட்டதும் ஒதுங்காமல் வேறு அத்தாட்சிக்காகக் காத்திருந்தார்கள் என்று விசாரணை செய்தோர் கண்டார்கள்.

இதிலிருந்து, எச்சரிக்கையைக் குறைக்கவேண்டும் என்ற பழைய முடிவுக்கு இலாகா திரும்பவில்லை என்பது மெச்சத்தக்கது. 2012-ம் வருஷத்திலிருந்து அறிவிப்பிலேயே உண்மையை விரித்துச் சொல்லும் முறை தொடங்கப்பட்டது. ராடாரில் தெரிந்ததா, கண்ணால் காணப்பட்டதா, எவ்வளவு நாசம் விளைவிக்கவல்லது என்பவை குறிக்கப்படுகின்றன. ஜனநெருக்கமுள்ள இடத்தைப் பெருங்காற்று நெருங்குவது உறுதியானால், 1999-ல் முதன்முதல் கையாளப்பட்ட 'சுழற்காற்று நெருக்கடி' என்ற உச்சக்கட்ட அறிவிப்பு வெளியாகிறது. ஜனங்களுக்குக் குறைவாகச் சொல்லுவதல்ல, தெளிவாகச் சொல்லுவதே அவநம்பிக்கைக்கு மருந்து என்பதை அவர்கள் உணர்ந்துவிட்டார்கள்.

ஆனால் தெளிவாகச் சொல்லுவதற்கு ஆள் வேண்டுமே! 2025-ம் வருஷத்தில் அந்நாட்டுச் சர்க்கார் செய்த சிக்கனத்தால் வானிலை இலாகாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஊழியர்கள் விலகினார்கள். சில நிலையங்களில் பலூன் பறக்கவிட்டு மேல்வானத்தைச் சோதிக்கும் வேலை குறைக்கப்பட்டது. சில ஆபீஸுகளில் இரவு முழுவதும் ஆள் வைப்பதே கஷ்டமாயிற்று. கண்டனம் எழுந்த பின் புதியவர்களைச் சேர்க்க அனுமதி அளிக்கப்பட்டது. அனுபவம் மிக்கவரை ஒரே நாளில் அனுப்பிவிடலாம். அவருடைய அனுபவத்தை ஒரே நாளில் திரும்பப் பெற முடியாது. வார்த்தையைத் தடுப்பது மௌனத்துக்கு ஒரு வழி; வார்த்தையைச் சொல்பவனை நீக்குவது மற்றொரு வழி. ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றே.

நமது அபிப்பிராயம் இதுதான்: இடிபாட்டைக் கொண்டு வழங்கும் தரத்தை இலாகா கைவிட வேண்டியதில்லை. ஆனால் ராடாரோ வேறு கருவியோ அளந்த வேகம் கிடைக்கும்போது, அதையும் அதே ஏட்டில், அதே வரியில், தரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். எல் ரெனோவின் வரியில் 'மூன்றாந் தரம்' என்பதோடு '300 மைல்' என்பதும் நின்றால், எதிர்காலத்தில் அங்கே வீடு கட்டுகிறவன் ஏமாறமாட்டான். இலேசான வீடுகள் மட்டுமே அழிந்த இடத்தில், 'இதற்கு மேல் சாட்சி இல்லை' என்று ஒரு வரி சேர்ப்பதால் இலாகாவின் கௌரவம் குறைந்துவிடாது. அறிந்ததையும் அறியாததையும் ஒருங்கே வெளியிடும் சர்க்காரைத்தான் ஆபத்துக் காலத்தில் ஜனங்கள் நம்புவார்கள்.

பெயரை மறைத்த காலம் 1950-ல் முடிந்தது. எண்ணை மட்டும் சொல்லி, அந்த எண்ணின் பொருளைச் சொல்லாமல் விடும் காலமும் முடியவேண்டும்.